மாடி டிபி லோடு கணக்கு: வயர்மேன் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்து கேரள வயர்மேன் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் லோடு கணக்கில் மார்க்கை விடுவது பெருக்கலில் அல்ல, டைவர்சிட்டியை (எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதற்கான கழிவை) எங்கே கழிப்பது என்பதில். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் முழு லோடு. சப் டிபிக்கு (மாடிக்கான தனி மின் விநியோகப் பெட்டி) வருகிற ஃபீடருக்கு, அதாவது மெயினிலிருந்து வரும் வயருக்கு மட்டுமே கழிவு. கீசர் சர்க்யூட்டிலேயே கழித்து வயர் அளவைக் குறைத்து எழுதினால் விடையும் தப்பு, வீட்டில் வயரும் சுடலாம்.

ஒரு மாடியை எடுத்துக்கொள்வோம். 11 லைட், 4 ஃபேன், 6 ஆம்பியர் பிளக் ஆறு, 16 ஆம்பியர் பிளக் ஒன்று, 2000 வாட் கீசர், 1700 வாட் ஏசி. கேள்வியில் வாட் கொடுக்காவிட்டால் லைட்டுக்கும் ஃபேனுக்கும் 60, சின்ன பிளக்குக்கு 100, பெரிய பிளக்குக்கு 1000 என்று வைக்க வேண்டும். இப்போது எல்லாம் 9 வாட் எல்இடிதானே என்று குறைத்துப் போடாதீர்கள். தேர்வில் கேட்பது பாயின்ட் கணக்கு.

லைட் 660, ஃபேன் 240, சின்ன பிளக் 600. கூட்டினால் 1500 வாட், 21 பாயின்ட். ஒரு லைட் சர்க்யூட்டுக்கு 800 வாட் அல்லது 10 பாயின்ட்தான் எல்லை. வாட்டைப் பார்த்தால் 2 சர்க்யூட் போதும், பாயின்டைப் பார்த்தால் 3 வேண்டும். எது அதிகமோ அதுதான் விடை: 3. வாட்டை மட்டும் வகுத்துவிட்டு 2 என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

கனெக்டட் லோடு, அதாவது கழிவில்லாத மொத்த லோடு: லைட் சர்க்யூட்டுகள் 1500, கீசர் 2000, ஏசி 1700, பெரிய பிளக் 1000 சேர்ந்து 6200 வாட். கேரளத்தில் 5 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ ஃபேஸ். அதற்குப் பார்ப்பது இந்தக் கனெக்டட் லோடை, கழித்த பிறகு வரும் எண்ணை அல்ல. தோட்டத்து மோட்டாருக்குத் தனி விவசாய கனெக்‌ஷன் இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. வீட்டுக் கிணற்று மோட்டார் வரும். அங்கே ஒரு கண்ணி உண்டு: 1 ஹெச்பி என்பது மோட்டார் வெளியே தரும் 746 வாட். எஃபிஷியன்சி 75 சதவீதம் என்றால் உள்ளே இழுப்பது சுமார் 995 வாட்.

இனி ஃபீடர். லைட் சர்க்யூட் மொத்தத்துக்கு 66 சதவீதம், அதாவது 990. கீசரில் தெர்மோஸ்டாட் இருப்பதால் கழிவு கிடையாது, 2000. ஏசியையும் முழுசாக 1700 வைப்பதே நல்லது. பெரிய பிளக்குக்கு 40 சதவீதம், 400. மொத்தம் 5090 வாட். கேள்வியில் வேறு சதவீதம் கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் வந்தாலும் இந்த மாடிக்கு ஒரு ஃபேஸ்தான் என்று கொண்டு 230 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.9 வைத்தால் 24.6 ஆம்பியர். 25 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) கணக்குக்குச் சரி, ஆனால் கைவசம் ஒன்றும் மிஞ்சாது, 32 போடலாம்.

32 எம்சிபி போட்டால் வயரும் 32 தாங்க வேண்டும். எம்சிபி காப்பது வயரை, ஏசியை அல்ல. கான்ட்யூட்டில் (குழாயில்) போகும் 4 எம்எம் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் பிவிசி வயருக்கு 30 டிகிரியில் அட்டவணை சொல்வது சரியாக 32 ஆம்பியர். பார்த்ததும் டிக் அடிக்கத் தோன்றும். பாலக்காட்டு மார்ச் வெயிலுக்கு 40 டிகிரி என்று வைத்தால் 0.87 ஆல் பெருக்க வேண்டும்: 27.8. போதாது. 6 எம்எம் 41 ஆம்பியர், பெருக்கினால் 35.7. அதுதான் விடை. 20 மீட்டர் தூரத்துக்கு வோல்டேஜ் டிராப்பும் பாருங்கள்: மீட்டருக்கு ஆம்பியருக்கு 7.3 மில்லிவோல்ட், 24.6 ஆம்பியருக்கு மொத்தம் சுமார் 3.6 வோல்ட். 2 சதவீதம்கூட இல்லை.

டிபி அளவு: 2 போல் எம்சிபிக்கு 2 இடம், 40 ஆம்பியர் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிக்கு (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) 2, சர்க்யூட் 6, ஸ்பேர் 2. ஆக 12 வே.

பிராக்டிகலில் கை வைக்கும் இடம் நியூட்ரல். மாடி ஆர்சிசிபிக்குக் கீழே உள்ள நியூட்ரலெல்லாம் அதன் சொந்த பாரில்தான் (நியூட்ரல் வயர்களைச் சேர்த்து முடுக்கும் பட்டை) முடிய வேண்டும். ஒரு நியூட்ரல் கீழ்த்தள பாருக்குப் போய்விட்டாலும், அந்த லைட்டைப் போட்டதும் ஆர்சிசிபி விழும். லோடைக் குறைத்துப் பார்த்தாலும் எம்சிபியை மாற்றினாலும் அது நிற்காது. எர்த்தையும் நியூட்ரலையும் சப் டிபியில் சேர்த்தாலும் இதே கதைதான்.