சுடருக்குப் பின் வரும் வேலை

வீட்டின் பின்கட்டில் கழுத்தணிக்கான கண்ணாடி மணி செய்யும் என்னிடம் பலரும் கேட்பது சுடரைப் பற்றித்தான். ஆனால் ஒரு மணியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் பின் மணியை மெல்லக் குளிரவைக்கும் வேலையே. களிமண் பூச்சுத் தடவி உலர்த்திய எஃகுக் கம்பியைச் சுழற்றியபடியே, எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்த சுடரில் தேன்போல் இளகும் கண்ணாடிக் கோலை அதன்மேல் சுற்றினால், பரப்பு இழுவிசையே அதை உருண்டையாக்கிவிடும். சுழற்சி நிற்காமல் பார்த்துக்கொள்வதே கையின் வேலை.

அதை அப்படியே காற்றில் ஆறவிட்டால், மேற்பரப்பு முதலில் இறுகி உட்புறம் பின்னர் சுருங்குவதால் உள்ளே தகைவு, அதாவது கண்ணாடி தன்னைத்தானே இழுக்கும் இறுக்கம், தங்கி, சில நாள் கழித்துக்கூட விரிசல் விழலாம். ஆகவே, எளிதில் இளகும் வகையான மென்கண்ணாடி மணிகளைச் சுமார் 510 டிகிரி செல்சியஸில் மின்னுலையில் வைத்திருந்து, பிறகு மெல்லக் குளிர்விக்கிறேன். வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் கண்ணாடிகளை ஒரே மணியில் சேர்க்காததும் இக்காரணத்தால்தான். சூடான கண்ணாடியிலுள்ள சோடியம் சுடரில் எழுப்பும் மஞ்சள் ஒளி வேலையை மறைக்கும்; அதை வடிகட்டும் டிடிமியம் (அருமண் தனிமங்களின் கலவை) சேர்த்த மூக்குக்கண்ணாடி என் பார்வையில் ஆடம்பரமன்று.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேடு என்னும் தொல்லியல் களத்தில் கிடைத்த சிறுமணிகளில் பெரும்பாலானவை இம்முறையில் ஆனவை அல்ல. இளகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து நறுக்கிச் செய்தவை. அத்தனை சிறியவற்றைக் கம்பியில் சுற்றிச் செய்வது வீண் உழைப்பு என்பதால், கழுத்தணி கோக்கும்போது என் பெரிய மணிகளுக்கு இடையே இழுத்துச் செய்த மணிகளை வாங்கியே சேர்க்கிறேன்.