கல்லுப் பூமி என்றாலும் கிடங்கு வெட்டிப் பார்த்தோம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வீடு கட்ட மண் பார்க்கப் போகிறேன் என்றதும் மேசன் சிரித்தார். "இது கல்லுப் பூமி தம்பி. முழங்காலளவு தோண்டினால் கல்லுக் காணும், பயப்பிடாதேங்கோ." அவர் சொன்னதில் பிழை இல்லை. இந்த வலிகாமப் பகுதியில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்தான். ஆனால் அந்தக் கல்லின் மேற்பரப்பு பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். மழைநீர் காலகாலமாகக் கரைத்ததில் ஓரிடத்தில் மேடு, பக்கத்திலேயே பள்ளம், சில இடத்தில் உள்ளே பொந்து. புத்தூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மேல்மாடி பிறகு எடுக்கும் எண்ணம் இருந்தது. அதனால் எஞ்சினியர் ஒருவரைக் கூப்பிட்டேன். வீடு வரும் இடத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் கிடங்கு வெட்டச் சொன்னார். முன்பக்கம் இரண்டு அடியிலேயே அலவாங்கு "ணங்" என்றது. நடுவில் நாலடி. தென்கிழக்கு மூலையில் ஆறடி போயும் கல் இல்லை. வந்தது கறுத்த மண்ணும் ஓட்டுத் துண்டும் உக்கிப்போன மரமும்.

பக்கத்து வளவு ஆச்சியிடம் கேட்டேன். "உதிலதானே ராசா பங்கர் இருந்தது! தொண்ணூற்றைஞ்சில இடம்பெயர்ந்து போயிட்டுத் திரும்பி வந்து பாக்க இடிஞ்சு கிடந்தது. பிறகு குப்பையைப் போட்டு மூடினது." உக்கிக் கிடந்தது, போர்க்காலத்துப் பதுங்குகுழியான அந்தப் பங்கருக்கு மேலே போட்ட பனங்குற்றி. பழைய மலகூடக் குழி, தூர்த்த கிணறு எல்லாம் எங்கே என்றும் அவரே காட்டித் தந்தார். எந்தக் கருவியும் இதைச் சொல்லியிருக்காது.

எஞ்சினியர் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. ஒரு தூண் கல்லிலும் மற்றத் தூண் மண்ணிலும் நின்றால், கல்லில் நிற்பது அசையாது, மண்ணில் நிற்பது மெல்ல இறங்கும். இரண்டுக்கும் நடுவில் சுவர் வெடிக்கும். முழுக்க மண்ணில் நின்றால்கூடச் சமமாக இறங்கும், பெரிய பாதகம் வராது என்றார். ஆகவே எல்லாத் தூணையும் கல்லுக்கே கொண்டுபோவது என்று முடிவானது. பங்கர் மூலையில் போட்டு மூடிய அத்தனையையும் அள்ளி எறிந்துவிட்டு, கல் வரும் மட்டும் தோண்டி, சீமெந்து குறைந்த கொங்கிறீற்றால் நிரப்பி, அதன்மேல் தூணின் பாதம்.

கல்லைக் கண்டதும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு தூணும் வரும் இடத்தில் மெசினால் ஐந்தடிக்குத் துளைத்து, கம்பி விட்டுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் மட்டும் கம்பி திடீரென்று வழுக்கி இறங்கியது. உள்ளே சின்னப் பொந்து. மேல் கல்லை உடைத்து அதையும் நிரப்ப வேண்டியதாயிற்று.

நாங்கள் கிடங்கு வெட்டியது ஆவணி வெயிலில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதை நம்பக்கூடாது. ஐப்பசியில் தொடங்கும் மாரி முடியும்போதுதான் நிலத்தடி நீர் உச்சத்தில் நிற்கும். அயல் கிணறுகளின் உட்சுவரில் படிந்த கறையை அளந்து, அத்திவாரத்தின் அடிமட்டத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டோம்.

கடற்கரைப் பக்கத்துக் காணிக்கு இந்தக் கிடங்கு வேலை போதாது. நாவாந்துறைப் பக்கம் கட்டிய நண்பனின் காணி நிரப்பிய நிலம்: மேலே கிரவல், கீழே சிப்பி கலந்த களி. அவன் துளையிட்டே சோதித்தான். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை தரம் அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் மண் இளகல். அங்கே உப்பும் கம்பியைத் தின்னும் என்பதால் கொங்கிறீற் மூடும் கனத்தையும் கூட்டச் சொன்னார்களாம்.

வலிகாமம் வடக்கில் இராணுவம் விட்டுக்கொடுத்த காணி என்றால், கண்ணிவெடி அகற்றியாயிற்றா என்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தாமல் அலவாங்கைக்கூட நிலத்தில் விடாதீர்கள்.

கடைசியில் மேசனோடு பேரம். அத்திவாரத்துக்கு நீள அடிக் கணக்கில் பேசுவதுதான் வழமை. மூலைக்கு மூலை ஆழம் மாறுவதால் கியூப் கணக்கில், அதாவது கன அளவில் பேசினேன். முகத்தைச் சுழித்தார், ஆனாலும் ஒத்துக்கொண்டார்.