மெமரி பேரியர் கேள்வியா? முதலில் ஜோடியைத் தேடுங்கள்

அட்வான்ஸ்டு ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) பாடத்தின் ரிசல்ட் வந்துவிட்டது. ஏ கிரேடு. அப்பாடா! ஜூனியர்கள் எல்லாரும் மெமரி ஆர்டரிங் யூனிட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன். வேகத்துக்காக சிபியுவும் கம்பைலரும் மெமரியில் படிப்பது (லோடு), எழுதுவது (ஸ்டோர்) ஆகியவற்றின் வரிசையை மாற்றலாம். அதைத் தடுக்கும் கட்டளைதான் மெமரி பேரியர். ஷெட்யூலிங், பேஜிங்குக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள்.

கேள்வியில் பேரியர் என்ற சொல்லைப் பார்த்ததும் தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் சிபியு 0, வலப்பக்கம் சிபியு 1. இடப்பக்கம் டேட்டா = 42, அடுத்து ஃபிளாக் = 1. வலப்பக்கம் ஃபிளாக்கைப் படி, அடுத்து டேட்டாவைப் படி. பேரியர் இல்லாவிட்டால் ஏஆர்எம் வகை சிபியுவில் ஃபிளாக் 1 என்றும் டேட்டா பழைய 0 என்றும் தெரியலாம். எழுதும் பக்கம் ரைட் பேரியர் (ஸ்டோர்களின் வரிசையைக் காப்பது) போட்டதோடு பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். படிக்கும் சிபியு தன் இரண்டு லோடுகளை மாற்றிச் செய்தால் அந்தப் பேரியரால் ஒரு பயனும் இல்லை. அங்கே லோடுகளின் வரிசையைக் காக்கும் ரீட் பேரியர் வேண்டும். இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துக் காட்டுங்கள். ஜோடி இல்லாத பேரியர் கண்ணில் பட்டால், பெரும்பாலும் அதுதான் கேள்வியில் ஒளித்து வைத்த பிழை. என் விடைத்தாளில் எழுத்தைவிடக் கோடுகளே அதிகம்.

அடுத்தது பீட்டர்சன் அல்காரிதம்: முக்கியப் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு சிபியு மட்டும் நுழைய, இரண்டும் தன் ஃபிளாக்கை ஏற்றி, டர்னை எதிராளிக்குக் கொடுத்து, பிறகு எதிராளியின் ஃபிளாக்கைப் பார்க்கும். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிபியு வகை) கட்டுக்கோப்பானது, அதில் பேரியர் வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். ஸ்டோர்–ஸ்டோர், லோடு–லோடு வரிசையை அது காப்பாற்றும், உண்மைதான். அதனால்தான் லினக்ஸின் எஸ்எம்பி (பல சிபியுக்களுக்கான) ரைட் பேரியர் அங்கே கம்பைலரை மட்டும் தடுக்கும் கம்பைலர் பேரியராகச் சுருங்குகிறது. ஆனால் ஸ்டோருக்குப் பின் வரும் லோடு முந்திக்கொள்ளும். இரண்டு சிபியுவும் தன் ஃபிளாக்கை 1 ஆக்குகின்றன. அந்த ஸ்டோர் இன்னும் அவரவர் ஸ்டோர் பஃபரில்தான் (மற்ற சிபியுவுக்குத் தெரியும் முன் ஸ்டோர் காத்திருக்கும் இடம்) கிடக்கிறது. அதற்குள் எதிராளியின் ஃபிளாக்கைப் படித்தால் 0. இரண்டும் உள்ளே நுழைந்துவிடும்! ரைட் பேரியரும் ரீட் பேரியரும் இங்கே உதவாது, முழு பேரியர்தான் வழி: எம்ஃபென்ஸ் அல்லது லாக் பிரிஃபிக்ஸ் உள்ள இன்ஸ்ட்ரக்‌ஷன். டர்ன் ஸ்டோருக்கும் எதிராளியின் ஃபிளாக் லோடுக்கும் நடுவில் அது வர வேண்டும். இடத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- சி மொழியின் வாலடைல் கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும், சிபியுவின் வரிசையை அல்ல.
- ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுற்றிக் காத்திருக்கும் பூட்டு): லாக் அக்வயர், அன்லாக் ரிலீஸ். பூட்டுக்கு வெளியே இருப்பது உள்ளே வரலாம், உள்ளே இருப்பது வெளியே போகாது.
- டிரைவர் கேள்வியில் எஸ்எம்பி வகை பேரியரை எழுதாதீர்கள். ஒற்றை சிபியு கெர்னலில் அது வெறும் கம்பைலர் பேரியர், டிவைஸோ அப்போதும் வெளியே இருக்கிறது. டிஸ்கிரிப்டரை (டிவைஸுக்கான வேலைக் குறிப்பு) நிரப்பிவிட்டு அதை டிவைஸிடம் ஒப்படைக்கும் பிட்டை எழுதும் முன் டிஎம்ஏ (டிவைஸ் நேரடியாக மெமரியைத் தொடுவது) ரைட் பேரியர்.
- ஆல்ஃபா (பழைய சிபியு வகை): பாயின்டரைப் படித்து அதன் வழியாகப் படித்தாலும் பழைய மதிப்பு வரலாம். லினக்ஸ் 4.15 முதல் ரீட் ஒன்ஸ் என்ற மேக்ரோ இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

என்ன படிப்பது? லினக்ஸ் கெர்னல் சோர்ஸில் டாக்குமென்டேஷன் அடைவில் உள்ள மெமரி பேரியர்ஸ் கோப்பு. நீளம் பார்த்து மிரள வேண்டாம், ஜோடி சேர்ப்பது பற்றிய பகுதி போதும். 2018-இல் 4.17-உடன் கெர்னலுக்குள் வந்த மெமரி மாடலில் (எந்த வரிசை மாற்றம் நடக்கலாம் என்ற விதித்தொகுப்பு) சின்னச் சின்ன லிட்மஸ் டெஸ்டுகள் (வரிசையைச் சோதிக்கும் குட்டி நிரல்கள்) உள்ளன. ஹெர்ட்7 என்ற கருவியில் ஓட்டிப் பாருங்கள், எந்த முடிவு சாத்தியம் என்று அதுவே சொல்லும். எனக்கு மனப்பாடம் வராது, ஓட்டிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். என் ரூம்மேட் அட்டவணையை உருப்போட்டே அதே கிரேடு வாங்கினான், அது அவன் பாடு.

ஒரு வயிற்றெரிச்சல். பேரியர் கேஷைக் காலி செய்யும் என்று எங்கள் நோட்ஸில் இன்னமும் இருக்கிறது. செய்யாது. முன்னதற்கும் பின்னதற்கும் வரிசையைத்தான் அது காக்கும், எதையும் உடனே மெமரிக்குத் தள்ளுவதாக உறுதி தராது. சரியாக எழுதிய எனக்கு அந்தப் பகுதியில் மார்க் குறைந்தது. உங்களுக்கும் அப்படி ஆனால் நேராக மறுமதிப்பீட்டுக்குப் போகாதீர்கள். முதலில் விடைத்தாள் நகலை வாங்கி, எந்த வரியில் வெட்டினார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.