பனி அட்டாக்

மூன்று மாதத்துக்குள் மூன்று அம்புலன்ஸ் பில் வந்தது. ஒவ்வொன்றும் 45 டொலர். ஒன்ராறியோவில் ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதிக் கார்ட் இருக்கிறவர்களிடம் பெரும்பாலும் அவ்வளவுதான் எடுப்பார்கள். முதல் பில்லைப் பார்த்தபோது உயிருக்கு 45 டொலர் பெரிய காசோ என்றுதான் நினைத்தேன். மூன்றாவதை மனிசியின் கண்ணில் படாமல் அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

2015 தை மாதம். ஸ்காபரோவில், மார்க்கம் வீதியும் லோரன்ஸும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தோம். பேக்கரித் தொழிற்சாலையில் பின்னேர வேலை. வந்து சாப்பிட்டுப் படுக்க ஒரு மணியாகிவிடும். அன்றைக்கும் அப்படித்தான் படுத்தேன். கண் அயரும் நேரம் நெஞ்சு ஒரு அடியைத் தவறவிட்டது. அடுத்த அடி கதவைத் தட்டியது மாதிரி விழுந்தது. பிறகு ஓட்டம்தான். விரல் நுனி விறைத்தது, உதடு விறைத்தது, மூச்சு பாதியில் நின்றது. எனக்கு முப்பத்திநாலு வயது. அப்பாவும் இப்படித்தான் போயிருப்பார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத் தசை சேதப்பட்டால் ரத்தத்தில் கசிகிற ட்ரோபொனின் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சில மணித்தியாலம் கழித்து இரண்டாம் தரமும் பார்த்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. விடியும்போது வந்த டொக்டர், "உன் இதயம் நன்றாக இருக்கிறது, இது பனிக் அட்டாக்" என்று சொல்லிவிட்டு அடுத்த திரைக்குள் போய்விட்டார்.

அம்மாவுக்குப் போனில் சொன்னேன்.

"பனியாலயோ மோனை? நான் அப்பவே சொன்னனான், காதை மூடிக்கட்டு எண்டு."

பனிக் என்றால் ஆங்கிலத்தில் திடீர்ப் பீதி. அதை அவவுக்கு விளங்கப்படுத்த அப்போது என்னிடம் தமிழ்ச் சொல் இருக்கவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பனி அட்டாக்தான்.

அப்பா 2012இல் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் செத்தார். ஐம்பத்திநாலு வயது. கடையிலிருந்து சைக்கிளில் வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, விறாந்தையில் இருந்தவர் எழும்பவில்லை. எனக்கு அப்போது அகதி வழக்கு முடியவில்லை. கனடாவை விட்டு வெளியே போக முடியாது. அந்தியேட்டியை ஸ்கைப்பில் பார்த்தேன். ஐயர் மந்திரம் சொல்லும்போது படம் நின்று நின்று வந்தது. அழுகை வரவில்லை, அடுத்தநாள் வேலைக்குப் போனேன். அதற்கும் நெஞ்சடிப்புக்கும் என்ன தொடர்பென்று மூன்று வருடம் கழித்துக் குடும்ப டொக்டர் கேட்கும்வரை நானாக யோசித்ததில்லை.

முதல் அம்புலன்ஸுக்குப் பிறகு நான் என் நாடிக்குக் காவல் இருக்கத் தொடங்கினேன். பஸ்ஸில் கழுத்தில் இரண்டு விரலை வைத்தபடிதான் இருப்பேன். கோப்பியை விட்டேன். படியை விட்டேன், இரண்டாம் மாடிக்கும் லிஃப்ட். மனிசியோடு கடைக்குப் போனால் வெறும் பையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால், அரிசி மூட்டையோடு அவ பின்னால். வின்ரரில் ஸ்நோ வழித்துக் கொட்டும்போது மாரடைப்பு வந்து ஆட்கள் சாவதாக ஒவ்வொரு வருடமும் செய்தியில் சொல்வார்கள். அது உண்மைதான். குளிர் ரத்தக் குழாயைச் சுருக்கும், பாரம் தூக்குவது இதயத்தை உந்தும். ஆனால் அந்தச் செய்தியைச் சாட்டாக வைத்து நான் உள்ளே இருக்க, வீட்டுக்கார அன்ரி அறுபத்திரண்டு வயதில் சவளால் ஸ்நோ வழித்துக்கொண்டிருந்ததைப் பேஸ்மென்ற் ஜன்னலால் பார்த்தேனே. அவவின் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இரவில் கூகிள். நெஞ்சு இடப்பக்கம் குத்தினால் என்ன, வலப்பக்கம் குத்தினால் என்ன. அந்தத் தேடலில் கிடைத்த ஒரேயொரு உருப்படியான விஷயம் டா கொஸ்ரா என்ற அமெரிக்க வைத்தியரைப் பற்றியது. அந்த நாட்டு உள்நாட்டுப் போரில் சண்டைபிடித்த ஆட்களுக்குப் படபடப்பு, நெஞ்சுநோ, இளைப்பு எல்லாம் இருந்தும் பலருக்கு இதயத்தில் நோயைக் காணாமல், 1871இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். படைவீரன் இதயம் என்றும் அதற்குப் பெயர் இருந்திருக்கிறது. நான் படைவீரனில்லை. ஆனாலும் ஷெல் கூவி வரும் சத்தத்தில் எத்தனை வினாடி மிச்சம் என்று கணக்குப் பார்த்த உடம்பு இது. அன்றிரவு கொஞ்சம் நித்திரை வந்தது.

குடும்ப டொக்டர் தமிழ்ப் பெண். என் கதையைக் குறுக்கிடாமல் கேட்டா. 48 மணித்தியாலம் நெஞ்சில் ஒட்டிவைத்து இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி தந்தா. இடைக்கிடை ஒரு அடி முந்தி விழுகிறது, அது கனபேருக்கு இருக்கிறது, உங்களுக்கு ஆபத்தில்லை என்று சொன்னா. பிறகு ட்ரெட்மில் சோதனை. கொத்துரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கிளினிக் அது. நெஞ்சில் வயர்களோடு நிற்க, கீழே தகட்டில் கொத்துகிற சத்தம் கேட்டது.

மூன்று நிமிடத்துக்கொரு தரம் வேகமும் ஏற்றமும் கூடும். இதயம் நிமிடத்துக்கு அடிக்கக்கூடிய உச்சத்தை 220இல் வயதைக் கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள், எனக்கு 186. அதில் நூற்றுக்கு 85, அதாவது 158க்கு மேல் போகவேண்டும். 130இல் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். வயர் பிடித்த பெண் திரையைப் பார்த்தபடி, "நன்றாகப் போகிறது, இன்னும் கொஞ்சம்" என்றாள். 171இல் நிறுத்தினார்கள். வேர்வை, இளைப்பு, காதுக்குள் அடிப்பு. அம்புலன்ஸ் கூப்பிட்ட இரவுகளில் இருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. பயம் மட்டும் இல்லை. ஐந்தாறு நிமிடத்தில் நெஞ்சு தன்பாட்டில் இறங்கியது.

டொக்டர் சொன்ன வைத்தியம் இந்த 171ஐச் சுற்றித்தான். மருந்தும் இருக்கிறது, வேண்டுமென்றால் தரலாம் என்றா. ஆனால் நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் நீங்கள் ஓடி ஒளிவதால் அடிப்பு என்றாலே ஆபத்து என்று உடம்பு படித்துவைத்திருக்கிறது. நீங்களாக அடிக்கவைத்து, அது இறங்குவதையும் நின்று பாருங்கள் என்றா. கிழமைக்கு 150 நிமிடம், மூச்சு வாங்குமளவு நடை. சோதித்துப் பார்த்த பிறகுதான் இதைச் சொன்னா என்பதையும் எழுதவேண்டும். சோதிக்காமல் யாரும் என்னைப் பார்த்து ஓடப்போகாதீர்கள். புதிதாக நெஞ்சுநோ வந்தால் 911 என்ற அவசர இலக்கம்தான்.

பங்குனியிலும் வெளியே வழுக்கும். அதனால் ஸ்காபரோ ரவுண் சென்ரருக்குள் நடந்தேன். கடைகள் திறக்குமுன்னரே அங்கே வயதானவர்கள் வட்டம் சுற்றுவார்கள். பாதிப்பேர் எங்கடை ஆட்கள். அரசியலும் நடக்கும், காணி வழக்கும் நடக்கும். அதில் ஒரு ஐயா, எழுபத்தொரு வயது, என்னை இரண்டு தரம் முந்திப்போனார். மூன்றாம் தரம் நின்று கேட்டார்.

"என்ன தம்பி, கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறீர்? சுளுக்கோ?"

சொன்னேன். சேர்ட்டின் மேல் இரண்டு பொத்தானைக் கழற்றி நெஞ்சு நடுவில் ஓடிய தழும்பைக் காட்டினார். பைபாஸ்.

"எனக்கு நாலு குழாய் மாத்திப் போட்டது. நான் ஓடுறன். உம்மடை கொம்பனி இஞ்சின், இன்னும் கழட்டேல்லை. கையை எடும்."

கையை எடுத்தேன். வெளியே வந்து பஸ்ஸில் ஏறியதும் திரும்ப வைத்தேன். அது போக இன்னும் இரண்டு மாதம் எடுத்தது.

வெயில் வந்தபிறகு ஹைலண்ட் கிரீக் ஓரமாக மோர்னிங்சைட் பார்க்கில் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. பிறகு இரண்டுக்கு இரண்டு. எல்லாம் சரிவந்துவிட்டது என்று நினைத்திருந்த புரட்டாசியில், பாதைக்கு நடுவே, வீடோ றோட்டோ தெரியாத இடத்தில் பழையபடி வந்தது. விரல் விறைப்பு, உதடு விறைப்பு. போனை எடுத்தேன். 9 அழுத்தி, 1 அழுத்தி, மற்ற 1ஐ அழுத்தாமல் ஒரு கல்லில் இருந்தேன். ஆற்றில் சமன் மீன்கள் எதிர்நீச்சலில் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்ராறியோ ஏரியிலிருந்து முட்டையிட வருபவை. முதுகு வெளியே தெரிகிற அளவு ஆழமில்லாத தண்ணீரில் கல்லோடு உரசி உரசி ஏறும், சறுக்கும், பிறகும் ஏறும். மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டு ஒரு மீனையே பார்த்தேன். அது மேலே போய்விட்டதா வேறு மீனோடு மாறிவிட்டேனா தெரியாது. இருபது நிமிடம் போயிருந்தது. எழும்பி நடந்து வீட்டுக்கு வந்தேன். போன் திரையில் 91 அப்படியே இருந்தது.

அந்த வின்ரர் ஸ்நோவை நான்தான் வழித்தேன், கொஞ்சம் கொஞ்சமாக. அன்ரி மேலே நின்று, "ஓரத்தையும் எடும் தம்பி" என்றா.

இப்போது சனிக்கிழமைகளில் டோரிஸ் மக்கார்த்தி பாதையில் ஏரிக்கரைக்கு இறங்குவேன். ஸ்காபரோ பிளஃப்ஸ் என்ற அந்த ஏரிக்கரைச் செங்குத்துச் சரிவின் உச்சம் 90 மீற்றர் வரை இருக்கும். கீழே கரையில் ஒரு உருக்குச் சிற்பம், மீன் முள்ளோ ஓடத்தின் விலாவோ என்று சொல்லலாம். எனக்கு எப்போதும் நெஞ்சுக்கூடாகத்தான் தெரியும். அதற்குள் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்ப ஏறுவேன். ஏற்றத்தில் ஒருநாள் அம்மா போன் எடுத்தா.

"ஏன் மோனை இளைக்கிறாய்? நெஞ்சுக்கை ஏதும் செய்யுதோ?"

"இல்லையம்மா, மலை ஏறுறன்."

"அங்கை மலையும் இருக்கோ?"

கீரிமலையைத் தவிர வேறு மலை தெரியாதவ. அங்கேயும் ஏறி இளைக்க ஒன்றுமில்லை. நான் பதில் சொல்ல மூச்சு எடுத்துக்கொண்டிருக்க, அவவே கேட்டா:

"காதை மூடிக்கட்டினியோ?"