இன்டர்னல் 23: சிஎஸ்இ 2021 ரெகுலேஷனின் பாஸ் கணக்கு

ரிசல்ட் வந்த அன்று எல்லா வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே புலம்பல்தான்: “இன்டர்னல் 36 இருக்கே, எப்படி அரியர் விழும்?” விழும். அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷனில் அதற்கு வழி இருக்கிறது. (இணைப்புக் கல்லூரிகளுக்குத்தான் இது. தன்னாட்சிக் கல்லூரிக்காரர்களும் அடுத்த ரெகுலேஷனில் சேர்ந்தவர்களும் அவரவர் விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.)

தியரி தாளுக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மார்க்) 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தத்தில் 50 வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் வேண்டும் என்பதுதான் நினைவில் நிற்பதில்லை. அறுபதுக்கு 27, அதாவது நூறு மார்க் விடைத்தாளில் 45.

இப்போது கூட்டிப் பாருங்கள். இன்டர்னல் 23, அதோடு 27, மொத்தம் 50. இன்டர்னல் 24 ஆனாலும் 40 ஆனாலும் பாஸ் ஆக விடைத்தாளில் 45 எடுத்தே தீர வேண்டும். மேலே உள்ளது கிரேடுக்கு உதவும், பாஸுக்கு உதவாது. 23க்குக் கீழே இறங்கினால்தான் வினை: இன்டர்னல் 20 என்றால் விடைத்தாளில் 50 வேண்டும், 15 என்றால் 59, 10 என்றால் 67.

23 எடுப்பது பெரிய காரியமில்லை. இரண்டு இன்டர்னல், ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட், செமினார், மினி ப்ராஜெக்ட் வகையறா 40. அந்த 40க்கு 35 வாங்கிவிட்டால் எழுத்துத் தேர்வில் அறுபதுக்கு 23 போதும்: நூற்றுக்கு 58, அதை 40க்குச் சுருக்கினால் 23 தாண்டிவிடும். ஆகவே அசைன்மென்டை நாள் தவறாமல் கொடுங்கள். தேதி தாண்டிக் கொடுத்துவிட்டு மேடத்திடம் கெஞ்சுவதைவிட இது எளிது.

லேப் சேர்ந்த தியரி தாள்கள் வேறு கணக்கு. அல்காரிதம்ஸ், நெட்வொர்க்ஸ், கம்பைலர் டிசைன் எல்லாம் இந்த வகை. அங்கே இன்டர்னல் 50, செமஸ்டர் 50. ஐம்பதில் 45 சதவீதம் 22.5, ஆகவே 23க்குப் பதில் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, “மூணு யூனிட் போதும் மச்சி” என்கிற சீனியர்கள். பார்ட் ஏ-வில் யூனிட்டுக்கு இரண்டு 2 மார்க், பார்ட் பி-யில் ஒரு 13 மார்க். ஆக யூனிட்டுக்கு 17. மூன்று யூனிட்டுக்கு 51. எழுதியதில் 70 சதவீதம் விழும் என்று வைத்தால் 36தான் வருகிறது. பார்ட் சி-யின் 15 மார்க் கேள்வி படித்த யூனிட்டிலேயே வந்தால் பிழைக்கலாம், வராவிட்டால் அரியர். நான்கு யூனிட் என்றால் 68, அதில் 70 சதவீதம் 47க்கு மேல். நான்கு யூனிட், குறைக்காதீர்கள்.

எந்த யூனிட்டை விடலாம்? டிஓசி-யில் (தியரி ஆஃப் கம்ப்யூடேஷன்) ஒன்றை விட்டே ஆக வேண்டுமென்றால் கடைசி யூனிட்டை, அன்டிசைடபிலிட்டியை விடுங்கள். முதல் மூன்றை விடவே கூடாது. ரெகுலர் எக்ஸ்பிரஷனும் கான்டெக்ஸ்ட் ஃப்ரீ கிராமரும்தான் அடுத்த செமஸ்டரில் கம்பைலர் டிசைனின் லெக்சிகல் அனாலிசிஸாகவும் பார்சிங்காகவும் திரும்பி வருகின்றன. டிஓசி-யில் தப்பித்தவர் கம்பைலரில் மாட்டுவது இதனால்தான்.

மார்க் எங்கே போகிறது:

- பம்பிங் லெம்மா (டிஓசி; ஒரு மொழி ரெகுலர் இல்லை என்று நிரூபிக்க): சரத்தின் நீளத்துக்கு 5, 6 என்று எண் போட்டுவிட்டால் நிரூபணம் செல்லாது. லெம்மா தரும் மாறிலியை வைத்தே சரம் எடுக்க வேண்டும். சரத்தை ஒரே விதமாகப் பிரித்துக் காட்டிவிட்டு நிறுத்துவதும் தப்பு. அனுமதிக்கப்பட்ட எல்லாப் பிரிப்புக்கும் பொருந்த வேண்டும்.
- என்எஃப்ஏ-விலிருந்து டிஎஃப்ஏ (டிஓசி; நான்-டிடெர்மினிஸ்டிக் ஆட்டோமேட்டனை டிடெர்மினிஸ்டிக்காக மாற்றுவது): அட்டவணை முதலில், படம் பிறகு. வெற்றுக் கணத்துக்கான டெட் ஸ்டேட்டைப் போட மறந்தால் அது டிஎஃப்ஏ-வே இல்லை.
- பேங்கர்ஸ் அல்காரிதம் (ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்; டெட்லாக் தவிர்க்க): ஒரு ப்ராசஸ் முடிந்ததும் அவைலபிளோடு கூட்ட வேண்டியது அலொகேஷனை. நீட் அட்டவணையைக் கூட்டினால் சேஃப் சீக்வென்ஸ் முழுவதும் தடம் புரளும்.
- ஏவிஎல் ட்ரீ (டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்): ஒவ்வொரு இன்செர்ஷனுக்கும் தனிப் படம், பேலன்ஸ் ஃபேக்டரோடு. இறுதிப் படம் மட்டும் போட்டு அது தப்பானால் ஸ்டெப் மார்க் கொடுக்க எதுவும் இருக்காது.
- நார்மலைசேஷன் (டேட்டாபேஸ்): முதலில் க்ளோஷர் போட்டு கேண்டிடேட் கீ எல்லாவற்றையும் கண்டுபிடியுங்கள். ஒன்றை விட்டாலும் 3என்எஃப் (தேர்ட் நார்மல் ஃபார்ம்) விடை மாறிவிடும்.

அட்டெண்டன்ஸ்: செமஸ்டர் முழுவதற்கும் சேர்த்து 75 சதவீதம். 65க்கு மேல் இருந்தால் மெடிக்கல் சான்றிதழ் மாதிரி காரணம் காட்டிக் கேட்கலாம். 65க்கும் கீழே போனால் தேர்வும் இல்லை, அடுத்த செமஸ்டரும் இல்லை.

மேண்டேட்டரி கோர்ஸுக்கு கிரெடிட் பூஜ்யம், சிஜிபிஏ-வில் சேராது. முடிக்காவிட்டால் டிகிரியும் வராது. ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷனுக்கு 8.50, அதோடு எல்லாத் தாளும் முதல் முயற்சியிலேயே. சிஜிபிஏ 9 இருந்தும் ஒரே ஒரு ஹிஸ்டரி ஆஃப் அரியரால் (எப்போதோ விழுந்து பிறகு முடித்த அரியர்) அதை இழந்தவர்கள் ஏராளம். ஹானர்ஸுக்குக் கூடுதலாக 18 கிரெடிட், 7.50, அங்கும் அரியர் கூடாது.

இந்த முறை விடைத்தாளில் 40ஐ ஒட்டி நின்றவர்கள் போட்டோகாப்பிக்கு உடனே விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் ரீவேல்யுவேஷனுக்குப் போக முடியாது, கடைசித் தேதியும் சீக்கிரம் முடிந்துவிடும். கையில் வந்ததும் கூட்டலைச் சரிபாருங்கள், திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்று புரட்டுங்கள், பிறகு அந்தப் பாடம் எடுத்தவரிடம் காட்டுங்கள். அவர் ஆறேழு மார்க் கூடும் என்றால் மட்டும் பணம் கட்டுங்கள்.