கோட்டை தெரிகிற மாதிரி ஒரு பென்ட்ஹவுஸ்: வேலூரில் நான் பட்ட பாடு

டோக்கன் அட்வான்ஸாகக் கொடுத்த 25,000 ரூபாயில் 20,000 போன வாரம்தான் கைக்கு வந்தது. மீதி 5,000 வராது. வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கோட்டைப் பக்கம் மேல்மாடி வீடு தேடுகிற யாராவது ஒருவர், படித்துவிட்டுப் பணத்தை எடுக்காமல் வீடு பார்க்கப் போனால் போதும்.

அப்பா சலவன்பேட்டைக்காரர். 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தபோது அந்தக் கூட்டத்தில் நின்றவர். அதுவரை ‘சாமி இல்லாத கோயில்’ என்றுதான் ஊரில் பேச்சு. வேலைக்காக ராணிப்பேட்டைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டோம். இப்போது முழங்கால் தேய்ந்து, அவரால் கோட்டைக்குள் நடக்க முடிவதில்லை. “வீட்ல உக்காந்தபடியே கோபுரம் தெரிஞ்சா நல்லா இருக்கும்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, சம்பளமும் பரவாயில்லை. பெரிய வீடாகவே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

கோட்டையைச் சுற்றி மாத வாடகைக்கு நல்ல வீடு கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. சிஎம்சிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிற நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டாலே நல்ல வரும்படி. குடும்பத்துக்கு விடுகிறேன் என்கிற ஓனரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதல் பயணம் தண்டம். ‘லக்சுரி பென்ட்ஹவுஸ், லாஃப்ட் வசதியுடன்’ என்று விளம்பரம். உள்ளேயே படி வைத்து மேலே ஒரு அரை மாடி இருக்கும் என்று நினைத்து, அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தேன். புரோக்கர் அண்ணன் ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்கு மேலே இருந்த சிமெண்டுப் பரணைக் காட்டினார். “லாஃப்ட்தானே மேடம் கேட்டீங்க, மூணு ரூம்லயும் இருக்கு” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நம் ஊரில் லாஃப்ட் என்றால் பரண்தான். போனிலேயே ‘உள்ளே படி வைத்த அரை மாடி இருக்கா’ என்று கேட்டுவிடுங்கள். போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது வீடுதான் ஆளைச் சாய்த்தது. கோட்டைக்குப் பக்கத்திலேயே பழைய தெரு, நான்கு மாடிக் கட்டடம். கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி, மரப்படி, அரை மாடியில் ஒரு படுக்கையறை. கண்ணாடிக்கு நேரே அகழி, மதில், மதிலுக்கு மேல் கோபுரம். அப்பா ஜன்னல் கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு பத்து நிமிஷம் பேசவே இல்லை. வாடகை 30,000, அட்வான்ஸ் ஐந்து மாதம். அன்று சாயங்காலமே ஜிபேயில் டோக்கனை அனுப்பிவிட்டேன். ரசீது வாங்கவில்லை. லிஃப்ட் மூன்றாம் மாடியோடு நின்றுவிடுகிறது, மேலே ஒரு மாடி ஏற வேண்டும் என்பதையும் அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முழங்கால் வலிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

ஒப்பந்தத்துக்கு முன் ஈபி கார்டு கேட்டேன். இழுத்துக்கொண்டே போனார்கள். நானே கீழே போய் மீட்டர் பெட்டியைப் பார்த்தேன். வீடு நான்கு, மீட்டர் மூன்று. “மேல் வீட்டுக்கு சப் மீட்டர் மேடம், யூனிட்டுக்கு 12 ரூபாய்” என்றார் ஓனர். தனி இணைப்பு இல்லை என்றால் அரசு தருகிற இலவச யூனிட் நம் கணக்கில் வராது. ஒரே இணைப்பில் இரண்டு வீட்டு யூனிட்டும் சேர்ந்து இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் கட்டணமும் எகிறும். மேல்மாடியில் ஏசி இல்லாமல் முடியாது, அந்தச் சுமை முழுக்க நம் தலையில்.

ஏன் தனி மீட்டர் வாங்கவில்லை என்று தோண்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த மாடி பிளானிலேயே இல்லை. சொத்து வரி ரசீதிலும் கிடையாது. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-ல் சட்டத்தையும் இறுக்கினார்கள். மேல்மாடி எந்த வருஷம் கட்டியது, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் சாமான்களோடு தெருவில் நிற்பது நாம்தான்.

அப்போதும் எனக்கு மனசு விடவில்லை, அந்த ஜன்னல் அப்படி. ஏப்ரல் மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சாவி வாங்கி ஏறினேன். அரை மாடியில் நின்றால் கூரை கைக்கு எட்டும். உள்ளங்கையை வைத்தேன். அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருந்தது. வெயில் போய் மூன்று மணி நேரம் ஆகியும் அந்தச் சூடு. மேலே தளத்தில் தட்டு ஓடும் இல்லை, வெள்ளை டைல்ஸும் இல்லை, வெறும் சிமெண்டுப் பூச்சு. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். ஷவரில் நூல் மாதிரி ஒழுகியது. டேங்க் அந்த வீட்டுக் கூரை மேலேயே உட்கார்ந்திருந்தால் அழுத்தம் எங்கிருந்து வரும்? வேலூர் வெயிலில் மேல்மாடி வீட்டைக் காலையில் போய்ப் பார்க்கவே பார்க்காதீர்கள். மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, இரண்டும் வேண்டும்.

வேண்டாம் என்று சொன்னதும், “டோக்கன் திருப்பித் தர்ற வழக்கம் இல்ல” என்றார்கள். மூன்று தடவை நடந்தேன். மூன்றாம் தடவை சட்டத்தைப் பேசினேன். 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளைக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதினாலும் இது உண்டு. “நான் எடுத்துக்கிறேன் அண்ணா, ஆனா இந்த மாடியைக் காட்டி ஒப்பந்தத்தைப் பதிஞ்சு குடுங்க” என்றேன். ஓனர் முகம் மாறிவிட்டது. அதுவரை திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவருடைய அம்மா, “குடுத்துடு நைனா. அந்தப் பெரியவரு கால வச்சிகினு அவ்ளோ தூரம் ஏறி வந்தாரு” என்றார். அந்த அம்மாவுக்கு என் நன்றி. 20,000 அங்கேயே வந்தது. 5,000 புரோக்கர் கமிஷன் என்று போய்விட்டது.

இப்போது இருக்கிற வீடு நான்கு தெரு தள்ளி. இது சட்டென்று முடிந்தது. லிஃப்ட் மேல்மாடி வரை வருகிறது, தனி மீட்டர், தளத்தில் வெள்ளை டைல்ஸ். காவிரித் தண்ணீர் தினமும் வராது, ஆனால் கீழே பெரிய சம்ப் இருக்கிறது. அரை மாடி கிடையாது. வாடகை 26,000, அட்வான்ஸ் மூன்று மாதம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் சட்டப்படி அதற்கு மேல் கேட்கவும் கூடாது. ‘காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம்’ என்று ஒரு வரி இருந்தது. உட்கார்ந்து பேசி அதை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார்கள். பதிவு எண்ணும் வந்துவிட்டது, பிரிண்ட் எடுத்து ஈபி ரசீதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

கோபுரம் முழுசாகத் தெரியாது. பக்கத்து வீட்டு டேங்குக்கு மேலே கலசமும் அதற்குக் கீழே இரண்டு நிலையும் தெரிகிறது, அதுவும் சமையலறைப் பக்க பால்கனியிலிருந்து. அப்பா தன் நாற்காலியைச் சமையலறை வழியாக அங்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். காலையில் காபியை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.