கோட்டைக் கல்யாணம்: டிசம்பர் குறிப்புகள்

டிசம்பர் 2

மறுபடியும் எடின்பரோ கோட்டைக்குப் போய் இடம் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே இருக்கும் புனித மார்கரெட் சேப்பல் என்ற சின்னத் தேவாலயத்துக்குள் பத்துப் பேர் நின்றாலே நெருக்கடி. கல்யாணத்துக்கு 25 பேர். அவர்களுக்கு நடுவில் படம் எடுக்கிற நான் எங்கே நிற்பது என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வெளியே இருந்து பார்த்தால் அலங்காரமே இல்லாத நீள்சதுரக் கட்டடம். உள்ளே போனால் கிழக்குக் கோடி அரைவட்டமாக வளைகிறது. அதற்கு முன்னால் ஒரு வளைவு, விளிம்பு முழுக்கப் பல் பல்லாகச் செதுக்கியிருக்கிறார்கள். 1130 வாக்கில் ஸ்காட்லாந்து அரசன் முதலாம் டேவிட் தன் அம்மா மார்கரெட் ராணியின் நினைவாகக் கட்டியது. இந்த ஊரில் நிற்கிற கட்டடங்களில் இதற்கு மூத்தது கிடையாது. ஆனால் சன்னல்கள் சின்னச் சின்னது, போதாததற்கு வண்ணக் கண்ணாடி வேறு. மத்தியானம் 12 மணிக்கே உள்ளே மங்கல். சத்தமில்லாத ஷட்டரில் விளக்கு வெளிச்சம் பட்டை பட்டையாக விழுகிறதா என்று எடுத்துப் பார்த்தேன். விழவில்லை. ஒரு கவலை குறைந்தது.

டிசம்பர் 4

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோதே சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போய்விட்டன. வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்ததும் முதலில் நீலம், அப்புறம் சிவப்பு, அப்புறம் அந்த எரிச்சல். டாக்டர் ரேனாட் என்கிறார். குளிர் பட்டதும் விரலில் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிக்கொள்கின்றனவாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். குளிரில் நிற்காதீர்கள் என்றார்.

நான் எப்படி நிற்காமல் இருப்பது?

டிசம்பர் 5

3:40. 20ஆம் தேதி சனிக்கிழமை, கல்யாணத்தன்று, சூரியன் மறையும் நேரம். கல்யாணம் 2 மணிக்கு.

டிசம்பர் 8

மணப்பெண் போன் செய்தாள். ஒரு மணி நேரம் பேசினோம், முக்கால்வாசி பாட்டியைப் பற்றித்தான். பாட்டிக்கும் அந்த ராணியின் பெயர்தான். ஸ்காட்லாந்தில் மார்கரெட் என்று பெயர் வைத்த பெண்கள் முறை வைத்து அந்தச் சேப்பலுக்குப் பூ கொண்டுவந்து வைக்கிறார்கள், 1942லிருந்து. இந்தப் பாட்டியும் வைத்தவர். மழையோ பனியோ, தோட்டத்துப் பூவை ஈரத்துணியில் சுற்றி, அந்த மேட்டில் நடந்தே ஏறுவாராம். இப்போது நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது.

"மத்ததெல்லாம் எப்படி வந்தாலும் பரவாயில்லை, பாட்டி அந்த வாசலைத் தாண்டி உள்ளே வரும் படம் மட்டும் எனக்கு வேணும்" என்றாள்.

கோட்டையின் கற்பாதை செங்குத்து. சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்ற முடியாது. நடக்க முடியாதவர்களுக்கு மேலே வரை ஒரு வண்டி விடுகிறார்கள். அதை ஏற்பாடு செய்துவிட்டார்களா என்று கேட்டேன். செய்தாயிற்று.

டிசம்பர் 11

தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் விளக்கும் இரண்டாவது கேமராவும் அவனிடம்தான் இருக்கப் போகின்றன. சேப்பலுக்கு எதிரே மான்ஸ் மெக் பீரங்கி. 1449இல் செய்தது, 6 டன். 1558இல் ஸ்காட்லாந்தின் மேரி ராணிக்கும் பிரெஞ்சு இளவரசனுக்கும் நடந்த கல்யாணத்துக்காக இங்கே இதைச் சுட்டார்கள், குண்டு இரண்டு மைல் தள்ளிப் போய் விழுந்தது என்றேன். ராணி அப்போது பிரான்ஸில்தான் இருந்தாள் என்றதும், "பொண்ணு ஊர்லயே இல்லாம கொண்டாட்டமா அக்கா?" என்று அவன் ஆச்சரியப்பட்டான்.

ஒரு நல்ல காரியம் செய்தேன். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து எடுத்துக் கேமராவின் பின்பக்க பட்டனுக்கு மாற்றிவிட்டேன். கட்டைவிரல் எனக்கு மரத்துப் போவதில்லை. ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடிக்கத்தான் விரல் நுனியில் உணர்ச்சி வேண்டும். முழுக்க அழுத்த உணர்ச்சி வேண்டாம், அது மரத்த விரலாலும் முடியும். சாயங்காலம் முழுக்கப் பழகினேன். கை கேட்க ஆரம்பித்துவிட்டது.

டிசம்பர் 13

பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

டிசம்பர் 14

தூக்கம் இல்லை. மணப்பெண்ணுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று வரி எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

அந்த ராணி மார்கரெட் செத்துப்போனதும் இந்தக் கோட்டையில்தான். 1093 நவம்பர். புருஷனும் மூத்த மகனும் போரில் விழுந்த செய்தி வந்து சில நாளில். கோட்டை முற்றுகையில் இருந்தபோது மூடுபனி இறங்கி, அதன் மறைவில்தான் உடலை வெளியே எடுத்து டன்ஃபர்ம்லினுக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை. 1314இல் கோட்டை கைக்கு வந்ததும் மறுபடியும் ஆங்கிலேயர் கையில் சிக்கினால் உதவக் கூடாது என்று ஸ்காட்லாந்து அரசன் ராபர்ட் புரூஸின் ஆட்கள் எல்லாவற்றையும் இடித்தார்கள். இந்தச் சேப்பலை மட்டும் விட்டார்கள். அப்புறம் நூற்றாண்டுக் கணக்கில் வெடிமருந்துக் கிடங்கு. 1845இல்தான் இது சேப்பல் என்பதே மறுபடி தெரிய வந்தது. இவ்வளவையும் தாண்டி நிற்கிற இடத்தில் ஒரு கிழவி ஒரு தடவை உட்கார்ந்து எழ வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அம்மா போன் செய்தாள். விரலைப் பற்றிச் சொல்லவில்லை.

டிசம்பர் 17

காற்று. சனிக்கிழமைக்கு எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். காற்று பலமாக அடித்தால் கோட்டையையே மூடிவிடுவார்கள். பாறை உச்சியில் இருக்கும் இடம், மூடத்தான் வேண்டும், அதில் தப்பு இல்லை. மணிக்கு ஒரு தடவை முன்னறிவிப்பைப் பார்க்கிறேன். பார்ப்பதால் காற்று குறையாது என்று தெரியும்.

டிசம்பர் 18

பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டார்! ஆக்ஸிஜன் வேண்டாமாம். "சனிக்கிழமை நான் போறேன், டாக்டரைக் கேட்டு யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றாராம்.

காற்று அப்படியேதான் இருக்கிறது.

டிசம்பர் 19

பேட்டரி எல்லாம் ஏற்றியாயிற்று. நாளைக்கு அவை சட்டையின் உள்பாக்கெட்டில், உடம்போடு. குளிரில் வெளியே வைத்தால் பாதி நேரம்தான் தாங்கும். லென்ஸ்களுக்கு மூடிபோட்ட பை. வெளிக்குளிரிலிருந்து ஆட்கள் நிறைந்த அறைக்குள் திடீரென்று போனால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும், கால் மணி நேரம் ஒன்றும் தெரியாது. அந்தக் கால் மணிக்குள் கல்யாணமே முடிந்துவிடும். ஒரு கேமராவைத் தம்பி முன்கூட்டியே உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவான். கையுறைக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலங்கள். மாத்திரை.

இரவு 11: காற்று குறைகிறது. சொல்லவே பயமாக இருக்கிறது.

டிசம்பர் 20, இரவு

கோட்டை திறந்தது.

கை நடுங்குகிறது, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பாட்டியை 12:30க்கே அழைத்து வந்துவிட்டார்கள். மத்தியானம் ஒரு மணிக்குச் சுடுகிற பீரங்கியைப் பார்க்க வேண்டும் என்று அடம். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர தினமும் சுடுவார்கள், 1861லிருந்து. கடலில் நிற்கிற கப்பல்கள் மணியைச் சரிபார்த்துக்கொள்வதற்காக ஆரம்பித்தது. விருந்தாளிகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் தெரியும் சுடப் போகிறார்கள் என்று. இருந்தும் வெடித்ததும் ஒருவர் விடாமல் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளையின் தோழன் தொப்பியைத் தவறவிட்டான். நான் பாட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவே இல்லை. போர்வைக்குள் இருந்து இடது கையை எடுத்தார், கோட்டுக் கையை மேலே தள்ளினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முள் பின்தங்கியிருக்க வேண்டும். சின்னத் திருகைப் பிடித்து இழுத்து, மெதுவாகத் திருகிச் சரிசெய்துவிட்டு, கையை மறுபடி போர்வைக்குள் வைத்துக்கொண்டார். எல்லாம் படத்தில் இருக்கிறது. கட்டைவிரல் காப்பாற்றியது.

பேக்பைப் வாத்தியம் வாசிக்கிறவர் சேப்பல் சுவரோரம் ஒதுங்கி நின்று இரண்டு கையையும் அக்குளில் வைத்திருந்தார். குளிரில் சுருதி இறங்கிவிடும், அதனால் கடைசி நிமிஷத்தில்தான் சேர்ப்பேன் என்றார். என் விரலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தன் சூட்டுப் பொட்டலத்தில் ஒன்றைக் கொடுத்தார்.

வாசல். பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்தார். பேரன் ஒரு பக்கம், மறு பக்கம் சுவர். அந்தக் கல்லில் உள்ளங்கையை முழுக்கப் பதித்துத்தான் ஒவ்வொரு அடியும் வைத்தார். நான் உள்ளே வளைவின் ஓரம் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன், 35 எம்எம் லென்ஸ், மங்கலுக்காக ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400. உள்ளே வந்ததும் உட்காரவில்லை. மேசைக்குப் போனார். இந்த வாரம் வேறொரு மார்கரெட் வைத்த பூ. ஜாடியைக் கொஞ்சம் திருப்பி, நல்ல பூ ஆட்கள் பக்கம் பார்க்கும்படி வைத்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

கல்யாணம் இருபது நிமிஷம். கையெழுத்துப் போடும் தாளைப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து இவர்களே வாங்கி வந்திருக்க வேண்டும், அது இல்லாமல் நடத்த மாட்டார்கள். அதைத் தன் கோட்டுப் பையில் வைத்திருந்த அண்ணன் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது 2:40. தென்மேற்கே மேகம் கிழிந்து அரை மணி நேரம் வெளிச்சம் கிடைத்தது. இந்த நாட்களில் இங்கே சூரியன் உச்சியிலேயே பதினோரு டிகிரிக்குமேல் ஏறுவதில்லை. அதனால் நாள் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம்தான், முகத்தில் நேராக விழும். ஜோடியை மதிலோரம் நிறுத்தினேன், கீழே ஊர் முழுக்க விளக்கேற்ற ஆரம்பித்திருந்தது. மூன்றே காலுக்கு இரண்டு விரலும் போய்விட்டன. தம்பி கேட்காமலே கேமராவை வாங்கிக்கொண்டு, "நீங்க சொல்லுங்க அக்கா, நான் அழுத்தறேன்" என்றான். கடைசிப் படங்கள் அவன் எடுத்தவை. அவன் பெயரோடுதான் கொடுக்கப் போகிறேன்.

டிசம்பர் 21

மூன்று இடத்தில் பிரதி எடுத்தாயிற்று. நாள் முழுக்கத் தூங்கினேன்.

டிசம்பர் 27

சேப்பல் படங்களின் நிறம் பாடாய்ப் படுத்துகிறது. சன்னலிலிருந்து நீலம், விளக்கிலிருந்து மஞ்சள், இரண்டும் வெள்ளைக் கவுனில் ஆளுக்குப் பாதி. முழுக்க வெளுத்துவிட்டால் எந்த மண்டபத்திலும் எடுத்த படமாகிவிடும். நீலத்தை விட்டுவைக்கிறேன். அவள் தோளில் அந்த நீலம் விழுந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 30

பனி. வெளியே போகவில்லை. விரல் பரவாயில்லை.

ஜனவரி 4

மணப்பெண் போன். பாட்டி மறுபடி ஆஸ்பத்திரியில், இந்தத் தடவை பேச்சு குறைந்துவிட்டது. நான் அனுப்பிய மாதிரிப் படங்களைப் போனில் காட்டினார்களாம். வாசல் படத்தைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டது கடிகாரப் படம். கட்டில் எதிரே சுவரில் ஒட்ட வேண்டும், கண்ணாடி போடாமலே தெரியும் அளவுக்குப் பெரிதாக.

இன்று ஞாயிறு, அச்சுப்போடும் கடை நாளை 9 மணிக்குத் திறக்கும். வார்டு விளக்கு பட்டுப் பளபளக்கக் கூடாது, அதனால் மேட் தாள். முள் தெளிவாகத் தெரிய கடிகாரத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கியிருக்கிறேன். கையின் சுருக்கங்களைத் தொடவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.